உயிலையும் கல்யாணப் பதிவையும் வைத்து அமெரிக்கக் காலனிகால மூதாதையரைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வேலை எனக்கு ஒரு பேச்சில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பெண் எடுத்த உறவினர் ஒருவர், "மருமகள் வீட்டார் முந்நூறு வருஷமா அங்கேயே இருக்கிறவங்களாம், பேரனுக்குச் சொல்ல ஏதாவது தேடிக் கொடேன்" என்றார். தேடப் போனவன் பழைய உயில்களுக்குள் மாட்டிக்கொண்டேன். அதே நிலைமையில் இருக்கும் நம்மவர்கள் அப்புறம் கேட்ட கேள்விகள்தான் இவை. காலனிகாலம் என்று நான் சொல்வது, ஆங்கிலேயர் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய 1607 முதல் சுதந்திரப் பிரகடனம் வந்த 1776 வரை.

நேராக 1700-க்குத் தாவிவிடலாமா?

வேண்டாம். இன்று உயிருடன் இருப்பவரிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். 1850 வரை போவது சுலபம். அடிமைகள் அல்லாத எல்லார் பெயரையும் வீடு வீடாக எழுதிய முதல் அமெரிக்கக் குடிக்கணக்கு அந்த வருஷத்தியதுதான். 1790-இல் எடுத்த முதல் கணக்கு முதல் 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதற்கும் முன்னால் போனால் அதுவும் கிடையாது. உயில், கல்யாணப் பதிவு, நிலப் பத்திரம், தேவாலயப் பதிவேடு ஆகிய நான்கும்தான் துணை.

பழங்காலத்திலிருந்து தொடங்கி, புகழ்பெற்ற ஒருவரின் வம்சத்தை இன்றுவரை கொண்டுவந்து நம் வீட்டில் ஒட்டவைக்கப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். ஒட்டிவிடும், அதுதான் ஆபத்து.

உயில், கல்யாணப் பதிவு, இரண்டில் எதை முதலில் தேடுவது?

உயிலை. காலனிகாலத்தில் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கல்யாணப் பதிவு தொலைந்திருக்கும், இல்லை எழுதப்பட்டே இருக்காது. ஆனால் அவளுடைய அப்பாவின் உயிலில் "என் மகள் மேரி, இன்னாரின் மனைவி" என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வரியில் இரண்டு குடும்பங்கள் இணைந்துவிடும். அதனால் உங்கள் கையில் இருக்கும் ஆணின் உயிலோடு நின்றுவிடாதீர்கள். அதே ஊரில், அதே தலைமுறையில் இறந்த வயதான ஆண்கள் எல்லாருடைய உயிலையும் புரட்டுங்கள். அவர்களில் ஒருவர் மாமனாராக இருக்கக்கூடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மேஃபிளவர் கப்பலில் வந்த வில்லியம் முல்லின்ஸ். செருப்பு வியாபாரி. 1620-இல் மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கும் பிளிமத்துக்கு வந்து, முதல் குளிர்காலத்திலேயே, 1621 பிப்ரவரியில் இறந்துபோனார். வாய்மொழியாக அவர் சொன்னதை ஆளுநர் ஜான் கார்வர் எழுதிவைத்தார். கப்பல் தலைவர் கிறிஸ்டோபர் ஜோன்ஸும் கப்பல் வைத்தியர் ஜைல்ஸ் ஹீலும் சாட்சி. ஊரில் ஒருவரிடம் தான் விட்டுவந்த 40 பவுண்டை மனைவி, மகன் ஜோசப், மகள் பிரிசில்லா, மூத்த மகன் ஆகிய நால்வருக்கும் தலைக்குப் பத்தாகப் பிரிக்கிறார். கூடவே 21 டஜன் ஷூவும் 13 ஜோடி பூட்ஸும் வருகின்றன. புது நாட்டுக்குச் சரக்கோடு வந்த மனிதர் அதை விற்கக்கூட நாள் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார். மனைவியும் ஜோசப்பும் அதே குளிர்காலத்தில் போய்விட்டார்கள். பிரிசில்லா மட்டும் தப்பிப் பிழைத்து ஜான் ஆல்டனைக் கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்துக்குப் பதிவு எதுவும் இல்லை. பல வருஷம் கழித்து ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதிய கப்பல் பயணிகள் பட்டியலில்தான், முல்லின்ஸின் மகள் ஆல்டனை மணந்தாள், பதினொரு பிள்ளைகள் என்று வருகிறது. உயில் பிறந்த வீட்டைச் சொல்ல, பட்டியல் புகுந்த வீட்டைச் சொல்கிறது. கல்யாணப் பதிவு இல்லாமலே சங்கிலி முழுசாகிவிட்டது.

கல்யாணத்தை யார் பதிவு செய்தார்கள்?

ஒவ்வொரு காலனிக்கும் ஒவ்வொரு கதை. எந்தக் காலனி என்று தெரியாமல் தேடுவது எந்தத் தாலுகா என்று தெரியாமல் பட்டா தேடுவது மாதிரி.

மாசசூசெட்ஸ் பக்கம் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட்காரர்களுக்குக் கல்யாணம் மதச் சடங்கே இல்லை, ஒப்பந்தம். பிளிமத்தின் முதல் கல்யாணமான எட்வர்ட் வின்ஸ்லோ, சூசன்னா ஒயிட் திருமணத்தை 1621 மே மாதம் ஆளுநர்தான் நடத்திவைத்தார், பாதிரியார் அல்ல. பாதிரியார்களும் நடத்தலாம் என்று மாசசூசெட்ஸில் வழி திறந்தது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதனால் அங்கே தேவாலயத்தை விட்டுவிட்டு ஊர் கிளார்க்கின் புத்தகத்தைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே "இன்னாரும் இன்னாரும் மணக்க இருக்கிறார்கள்" என்ற அறிவிப்பும் எழுதப்பட்டிருக்கும். பெண் வேறு ஊர் என்றால் அந்த ஊர்ப் புத்தகத்திலும் இருக்கும்.

வர்ஜீனியாவில் நேர்மாறு. ஆங்கிலிகன் சபைதான் அரசாங்கச் சபை. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஓலை வாசிப்பது என்பார்களே, அதேதான்: பாரிஷ் தேவாலயத்தில் மூன்று முறை ஓலை வாசிக்க வேண்டும். அது வேண்டாமென்றால் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் பாண்டு, அதாவது பிணைப் பத்திரம், எழுதிக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். ஓலை வாசித்து மணந்தவர்களுக்குக் கோர்ட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது, ஏழைகள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போனார்கள். பிற சபைப் பாதிரியார்கள் நடத்தும் கல்யாணம் 1780-இல்தான் அங்கே சட்டப்படி செல்லுபடியானது. அதற்கு முன் உங்கள் பாப்டிஸ்ட் முன்னோர் எப்படி மணந்தார் என்று தேடினால் காற்றைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும்.

பென்சில்வேனியாவின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையாரைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். மணக்கப்போகிறவர்கள் மாதக் கூட்டத்தில் இரண்டு தடவை அறிவிக்க வேண்டும். கல்யாண நாளில் வந்திருந்த அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள், சொந்தக்காரர்கள் மணமக்களின் பெயரை ஒட்டி. மொய் நோட்டைப் பார்த்துச் சொந்தத்தைக் கண்டுபிடிப்பது போலத்தான். சபைக்கு வெளியே மணந்தால் அதற்காக விலக்கிய தீர்மானமும் கூட்டப் புத்தகத்தில் இருக்கும். ஓடிப்போன பிள்ளைகளைக்கூடக் கைவிடாத பதிவேடு அது.

நியூயார்க்கில் டச்சுச் சீர்திருத்த சபையின் பதிவேடு. 1664-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த பிறகும் வெகுகாலம் டச்சுப் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே உயில் எழுதும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு.

பாண்டு கிடைத்தால் கல்யாணம் நடந்தது என்று அர்த்தமா?

இல்லை. நடக்கப்போகிறது என்றுதான் அர்த்தம். கல்யாணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை, இருந்தால் 50 பவுண்டு கட்டுகிறோம் என்று மாப்பிள்ளையும் ஒரு ஜாமீன்தாரரும் எழுதிக்கொடுப்பது அது. யாரும் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. ஆராய்ச்சிக்கு அந்த ஜாமீன்தாரர்தான் முக்கியம், பெரும்பாலும் பெண் வீட்டு ஆளாக இருப்பார்.

தாமஸ் ஜெஃபர்சன் 1771 டிசம்பரில் எழுதிக்கொடுத்த பாண்டு இன்றும் இருக்கிறது. ஜாமீன் போட்டவர் ஃபிரான்சிஸ் எப்ஸ், மணப்பெண் மார்த்தாவின் தங்கை கணவர். மார்த்தா அப்போது கணவனை இழந்தவர். ஆனால் பாண்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் முதலில் கன்னிப்பெண் என்று எழுதி, அதை அடித்துவிட்டு விதவை என்று திருத்தியிருக்கிறது. கல்யாணம் நடந்தது 1772 ஜனவரி 1. அடித்தல் திருத்தல் தெரியாத அச்சுப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிலில் மூத்த மகன் பெயரே இல்லை. அவர் இவருக்குப் பிறந்தவர் இல்லையா?

அவசரப்படாதீர்கள். வர்ஜீனியா போன்ற தென் காலனிகளிலும் நியூயார்க்கிலும் உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கே போகும். எப்படியும் அவனுக்கு வரப்போகிறது என்றோ, கல்யாணத்தின்போதே நிலம் எழுதிக் கொடுத்தாயிற்று என்றோ அப்பா உயிலில் அவனைக் குறிப்பிடாமல் விடுவதுண்டு. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குக் காலனிகளான நியூ இங்கிலாந்தில் வழக்கம் வேறு: எல்லாருக்கும் பங்கு, மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு.

ஒரு ஷில்லிங் கொடுத்ததைப் பார்த்துவிட்டு "அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை" என்று கதை கட்டுவதும் இந்த வகைதான். சில வீடுகளில் சண்டை உண்மையாக இருக்கலாம். பெரும்பாலும் பங்கை முன்னமே வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு, "உன்னை மறக்கவில்லை, பின்னால் கேஸ் போடாதே" என்று சொல்லும் ஷில்லிங் அது. மகளுக்குக் கொடுத்தால், சீர்வரிசை முன்னமே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அடிக்கடி வருகிறதே?

கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம். விற்க முடியாது, அவளுக்குப் பின் கணவனின் வாரிசுக்குத் திரும்பிவிடும். உயிலில் அதற்குக் குறைத்து எழுதியிருந்தால் அதை ஏற்காமல் சட்டப் பங்கையே கேட்கலாம். இந்த ஒரு விதி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு ஒரு கதை.

டேனியல் பார்க் கஸ்டிஸ் என்ற பெரும் பணக்காரர் 1757-இல் உயில் எழுதாமல் இறந்தார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவி மார்த்தாவுக்கு, மீதி இரண்டும் இரு குழந்தைகளுக்கு. வர்ஜீனியாச் சட்டம் அடிமைகளையும் நிலம்போலவே பாவித்ததால் அவர்களும் அந்த ஆயுள் பங்குக்குள் வந்தார்கள். 1759 ஜனவரியில் மார்த்தா ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். நாற்பது வருஷம் கழித்து வாஷிங்டன் தன் உயிலில் அடிமைகளை விடுவிக்க எழுதியபோது, தன் பெயரில் இருந்த 123 பேரைப் பற்றி மட்டுமே எழுத முடிந்தது. கஸ்டிஸ் பங்கில் வந்த 153 பேரைத் தொட அவருக்கு உரிமை இல்லை. 1802-இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் கஸ்டிஸின் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் மணந்து குடும்பமாகியிருந்தார்கள், அந்தக் குடும்பங்கள் உடைந்தன.

உறவுச் சொற்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. நமக்குச் சித்தப்பா வேறு, மாமா வேறு. அவர்களுக்கு எல்லாம் அங்கிள் என்று நாம் கேலி பேசுவோம். அன்றைய ஆங்கிலம் இன்னும் மோசம். 'சன்-இன்-லா' என்று எழுதியிருந்தால் அது மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். 'மதர்-இன்-லா' மாற்றாந்தாயாக இருக்கலாம். 'கசின்' அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளையைக்கூடக் குறிக்கும். 'பிரதர்' மைத்துனராகவோ, ஒரே சபையைச் சேர்ந்தவராகவோ இருக்கலாம். 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை இல்லை, 21 நிரம்பாதவர். 'ஆர்ஃபன்' என்பது அப்பாவை இழந்த பிள்ளை. அம்மா பக்கத்து அறையில் உயிரோடு இருப்பாள். 'மை நௌ வைஃப்' என்பதைப் பார்த்து முதல் தாரம் ஒன்று இருந்தது என்று முடிவு செய்பவர்கள் ஏராளம். அப்படி ஒருத்தி இருந்திருக்கத் தேவையே இல்லை, பின்னால் வரக்கூடிய மனைவிக்கு இது சேராது என்பதற்காகப் போட்ட சொல் அது.

சீனியர், ஜூனியர் என்பதும் அப்பா, மகன் என்று அர்த்தமில்லை. ஒரே பெயரில் ஊரில் இருவர் இருந்தால் வயதில் மூத்தவர் சீனியர். மூத்தவர் இறந்ததும் நேற்றுவரை ஜூனியராக இருந்தவர் சீனியராகிவிடுவார்.

1731/32 என்று இரண்டு வருஷம் போட்டிருப்பது ஏன்?

1752 வரை ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரியெல்லாம் பழைய வருஷத்தின் வால். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளைக் குடும்ப பைபிளில் 1731/2 பிப்ரவரி 11 என்று எழுதியிருக்கிறார்கள், நம் கணக்கில் அது 1732 பிப்ரவரி 22. குவேக்கர் பதிவில் 'முதல் மாதம்' என்றிருந்தால் 1752-க்கு முன் அது மார்ச். கல்யாணம் ஆன இரண்டாம் மாதமே குழந்தை என்று யாரையும் சந்தேகப்படுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உயில் எழுதாமல் இறந்தவரை எப்படிப் பிடிப்பது?

பெரும்பாலோர் எழுதாமல்தான் இறந்தார்கள். சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் ஒருவரை நியமித்த ஆணை, அவர் கொடுத்த பாண்டு, சொத்துப் பட்டியல், பிள்ளைகளுக்குக் கார்டியன் நியமனம், கடைசியில் பங்குப் பிரிவினை, இதெல்லாம் இருக்கும். பதினான்கு வயதானால் பிள்ளை தன் கார்டியனைத் தானே தேர்ந்தெடுக்கலாம், அதிலிருந்து வயது பிடிபடும்.

சொத்துப் பட்டியலைத் தள்ளிவிடாதீர்கள். அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குள் நுழைந்து அறை அறையாக விலை போட்டிருப்பார்கள்: இரும்புச் சட்டி, பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டு, கறவை மாடு. இறகு மெத்தைதான் பல வீடுகளில் விலை உயர்ந்த பொருள். 'பெட் அண்ட் ஃபர்னிச்சர்' என்றால் மேசை நாற்காலி இல்லை, மெத்தையோடு சேர்ந்த விரிப்பும் திரைச்சீலையும். கட்டின பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது என்பதால் உயில் எழுதிய பெண்கள் அநேகமாக விதவைகள். பாட்டி ஒருத்தி தன் துணிமணியையும் பாத்திரத்தையும் பேத்திகளுக்குப் பெயர் சொல்லிப் பிரித்திருந்தால், வேறெங்கும் கிடைக்காத மகள் வழிச் சொந்தமெல்லாம் அந்த ஒரே தாளில் கிடைக்கும்.

எங்கள் கவுண்டியின் ஆவணங்கள் எரிந்துவிட்டன என்கிறார்களே?

வர்ஜீனியாவில் அப்படி நிறைய உண்டு. உள்நாட்டுப் போரில் பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகள் புத்தகங்களை ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தன. 1865 ஏப்ரல் 3-இல் ரிச்மண்டே எரிந்தது. ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி, நியூ கென்ட் எல்லாம் அதில் போயின. நியூ கென்ட் ஏற்கெனவே 1787-இல் ஒருமுறை எரிந்த இடம், பட்ட காலிலேயே படும் என்பது இதுதான்.

ஆனால் மனிதர்கள் கவுண்டி எல்லையோடு நின்றுவிடவில்லை. நிலம் பக்கத்துக் கவுண்டியில் இருந்தால் உயிலின் நகல் அங்கேயும் பதிவாகியிருக்கும். அரசு வழங்கிய நிலப் பட்டாக்கள் தலைநகரில் தனியாக இருந்ததால் தப்பின. பாரிஷ் நிர்வாகக் குழுவின் நோட்டுகள் சில தப்பின. இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தவர் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேன்டர்பரி கோர்ட் உயில்களைத் தேடுங்கள். முல்லின்ஸின் உயில் பிழைத்ததும் இங்கிலாந்துக்குப் போனதால்தான்.

கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்த முறை உதவுமா?

உதவும், மனம் கனக்கும். பெரும்பாலான காலனிகளில் அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்கவில்லை, அதனால் அங்கே கல்யாணப் பதிவு இருக்காது. அவர்கள் பெயர் கிடைப்பது உடைமையாளரின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும், மாடு கன்றுக்குப் பக்கத்தில், விலையோடு. ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வெய்ல்ஸ் 1773-இல் இறந்தார். அடுத்த வருஷம் பங்கு பிரித்தபோது 135 பேர் ஜெஃபர்சனுக்கு வந்தார்கள். எலிசபெத் ஹெமிங்ஸும் அவர் பிள்ளைகளும் அவர்களில் சிலர், எலிசபெத்தின் மகள் சேலி ஹெமிங்ஸ் அப்போது கைக்குழந்தை. உடைமையாளர் வீட்டுக் கல்யாணங்களைத் தொடர்ந்தால்தான் இவர்கள் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனார்கள் என்பது தெரியும். முதலில் வெள்ளைக் குடும்பத்தின் வம்சாவளியைப் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை.

எழுத்தே புரியவில்லையே?

பத்து நாள் பார்த்தால் கண் பழகிவிடும். நீள எஸ், எஃப் மாதிரி இருக்கும். 'யி' என்று தெரிவது 'தி'. 'ஜேஎன்ஓ' என்றால் ஜான். உயில் புத்தகத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கிளார்க் எடுத்த நகல், அதில் கையெழுத்தும், எழுதத் தெரியாதவர் வைக்கும் கீறலும்கூட அவர் வரைந்ததுதான். அசல் கிடைத்தால் விடாதீர்கள். ஒரே பெயருள்ள இருவரில் ஒருவர் கையெழுத்துப் போடுபவர், மற்றவர் கீறல் வைப்பவர் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இணையத்தில் எங்கே தேடுவது?

ஃபேமிலிசர்ச் இலவசம். கையெழுத்துப் பிரதிகளுக்குள்ளேயே சொல்லைத் தேடும் வசதி அதில் வந்த பிறகு, பெயர் அட்டவணையில் வராத சாட்சிகளும் பக்கத்து வீட்டாரும் தலைகாட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆன்செஸ்ட்ரி கட்டணத் தளம், உயில் தொகுப்பு பெரிது. நியூ இங்கிலாந்து என்றால் 1845-இல் பாஸ்டனில் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ், வர்ஜீனியா என்றால் வர்ஜீனியா நூலகம். மற்றவர்கள் போட்டுவைத்த குடும்ப மரங்களைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக அல்ல. நானே ஒருமுறை அப்படி ஒரு மரத்தை நம்பி இரண்டு மாதம் வேறொருவருடைய தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காலனிகால அமெரிக்கர் யாருக்காவது நம் ஊரில் பதிவு உண்டா?

உண்டு. எலிஹு யேல் 1649-இல் பாஸ்டனில் பிறந்தவர், பின்னாளில் மதராஸின் ஆளுநர். யேல் பல்கலைக்கழகத்தின் பெயர் இவருடையதுதான். அவருடைய கல்யாணப் பதிவைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் போதும். 1680 அக்டோபர் கடைசியில் தேவாலயம் திறந்து, நவம்பர் 4 அன்று அவர் கேத்தரின் ஹின்மர்ஸை மணந்தார். பதிவேட்டில் முதல் கல்யாணம் அதுதான். பெண் முன்பே மணமாகிக் கணவனை இழந்தவர், ஆகவே ஹின்மர்ஸ் என்பது பிறந்த வீட்டுப் பெயர் இல்லை.